குதிரைக்கு ஒரு நியாயம்

அமெரிக்காவில் ஆசைக்குப் படம் எடுக்கும் ஒருவர், 600 டாலர் வாடகைக்கு ஒருநாள் கடை போட்டு, 500 டாலருக்குப் படம் விற்கிறார் என்று வையுங்கள். பையில் நட்டம், வரிக் கணக்கிலோ 500-ம் வருமானம். அத்தகைய செலவைக் கழிக்கும் சலுகையை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 முதல் பிடுங்கிக்கொண்டது. விட்டால் பணக்காரர்கள் விளையாட்டையெல்லாம் வியாபாரமாக்கி நட்டக்கணக்கு எழுதிவிடுவார்களே என்பார்கள். வாஸ்தவம். ஆனால் பொழுதுபோக்கு வருமானத்துக்கு மேல் கழிக்கக் கூடாது என்ற வேலியை 1969-லேயே போட்டாயிற்று. பொழுதுபோக்கு வருமானத்துக்குச் சுயதொழில் வரி கிடையாதே என்பார்கள். இல்லாத லாபத்துக்கு அது நல்ல ஆறுதல்தான்.

5 ஆண்டில் 3 ஆண்டு லாபம் காட்டினால் அது பொழுதுபோக்கு அல்ல, செலவைக் கழிக்கத்தக்க தொழில் என்று சட்டம் நம்பும். குதிரை வளர்ப்பவருக்கோ 7-ல் 2 போதும். படக்காரர் பேசாமல் ஒரு குதிரையை வாங்கிக் கட்டுவதே உத்தமம்.