அரை மணி நேர ஜனநாயகம்

கேமரன் மலையில் ஓர் அடுக்குமாடியின் ஆண்டு பட்ஜெட்டை நிறைவேற்ற என்ன வேண்டும்? கணக்காளர் வேண்டாம். பொறியாளர் வேண்டாம். அரை மணி நேரம் சும்மா உட்காரத் தெரிந்தால் போதும். வாக்குரிமை உள்ள உரிமையாளர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம். அரை மணிக்குள் அவர்கள் வராவிட்டால், வந்தவர்களே போதும் என்பதும் அதே சட்டம்தான். ஆகவே பத்து மணிக் கூட்டம் பத்தரைக்குத் தொடங்கும். பத்து மணிக்கே வந்து நாற்காலி தேடுகிறவர் புதிதாக வீடு வாங்கியவர். அடுத்த வருஷம் அவரும் திருந்திவிடுவார்.

வராதவர்கள் எங்கே? கோலாலம்பூரில். ஈப்போவில். சிங்கப்பூரில். பள்ளி விடுமுறைக்கு மலையேறி வந்து பனியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் அவர்கள் வீட்டில் யார் யாரோ இரவு வாடகைக்குத் தூங்குவார்கள். வந்திருப்பவர்கள் யார்? தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்து, இ.பி.எப். பணத்தைக் கொட்டி இரண்டு அறை வீடு வாங்கிய அம்மா. தானா ராத்தா பள்ளி வாத்தியார். பிரிஞ்சாங்கில் காய்கறிக் கடை போட்டிருப்பவர். இந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லாதவர்கள்.

செயலாளர் பட்ஜெட் தாளை நீட்டுவார். போன வருஷத்துத் தாள்தான். தலைப்பில் ஆண்டு மட்டும் மாறியிருக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளியானது. 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. மூன்று மாதத்துக்கு முன்பே நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். நாட்டுக்கே தெரியும். தாளுக்கு மட்டும் தெரியாது. காவலுக்கு நிற்கும் ஜாகாவின் செலவு அதில் பழைய தொகையிலேயே நிற்கும். மிச்சப் பணம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. வராது. இரவு ஷிப்டில் ஓர் ஆள் குறைவார், அவ்வளவுதான். மே தினத்தன்று தோட்டப் பாட்டாளிக்காகத் தொண்டை கிழிய முழங்கிய அதே தலைவர், இங்கே முன்வரிசையிலிருந்து எழுந்து கேட்பார்: "கேட்ல உட்கார்ற நேப்பாளிக்கு எதுக்குங்க இவ்ளோ?"

சரி, மாதக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றலாமா? கேட்டுப் பாருங்கள். அதுவரை தூங்கிய மண்டபம் விழித்துக்கொள்ளும். இந்தக் கட்டணம் பிறந்த கதை அப்படி. விற்கும்போது மேம்பாட்டாளர் சொன்ன தொகை அது. வாங்குகிறவர் மிரண்டுவிடக் கூடாதே என்று சொன்னது. முதல் வருஷம் எல்லாமே புதுசு. லிப்டுக்கு வாரண்டி இருக்கும். பெயின்ட் பளபளக்கும். அந்த வருஷத்துச் செலவுக்குப் போட்ட கட்டணம், பெயின்ட் உரிந்து, லிப்ட் முனகி, கூரை ஒழுகத் தொடங்கிய பிறகும் வேதவாக்கு.

பெரிய ரிப்பேருக்கென்று சிங்கிங் பண்ட் இருக்கிறது. கூட்டு நிர்வாகக் குழு நடத்தும் கட்டடத்தில் அது கட்டணத்தில் பத்து விழுக்காடு. நூறு வெள்ளிக்குப் பத்து வெள்ளி. லிப்ட் மாற்றுவதும் கட்டடம் முழுக்கப் பெயின்ட் அடிப்பதும் அந்தப் பத்து வெள்ளியில். அதையாவது விட்டு வைக்கிறார்களா? கரண்டு பில் கட்ட அதிலிருந்து "தற்காலிகமாக" எடுப்பார்கள். எடுத்த குழு போய்விடும். அடுத்த குழு வரும். அதற்கும் ஒரு கரண்டு பில் வரும்.

கோலாலம்பூரில் இந்தக் கூத்து நடந்தால் லிப்ட் நிற்கும். மலையில் நடந்தால் மலையே இறங்கும். இங்கே வருஷம் முழுக்க ஈரம். சுவரில் பாசி, கம்பியில் துரு. கட்டடத்துக்குப் பின்னால் சரிவு, சரிவில் வாய்க்கால், வாய்க்காலில் மண். அதை வாரச் சொல்லி வாத்தியார் வருஷா வருஷம் எழுந்து பேசுகிறார். "காட்டுப் பக்கத்து வாய்க்கால யார் சார் பாக்கப் போறா?" என்று பதில் வருகிறது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வாசலில் சிமென்டு ஸ்ட்ராபெரி ஒன்று வைக்கலாமா என்று கேளுங்கள், உடனே கைகள் உயரும். விருந்தாளிகள் செல்பி எடுக்க வேண்டாமா?

1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு புளோக் சாய்ந்தது. 48 பேர் செத்தார்கள். பின்னால் இருந்த சரிவில் தண்ணீர் போக ஒழுங்கான வழியில்லை. தடுப்புச் சுவர்கள் சரிந்தன. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளர் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. அந்தப் பொறியாளரின் கூலியை நம் தாளில் தேடுங்கள். "இதர செலவுகள்" என்ற வரியில், பினாயிலுக்கும் பல்புக்கும் பக்கத்தில் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

அந்தத் தோட்டத்து அம்மாவுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. லயத்தில் இருந்த காலத்தில் கூரை ஒழுகினால் ஆபீஸ் வாசலில் போய் நிற்பார். கிராணி முறைப்பார், துரை இழுத்தடிப்பார். ஆனால் வீட்டைச் சரியாக வைத்திருப்பது, தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990இல் சட்டமே வந்தது. லயம் சொர்க்கம் என்று யாரும் புளுக வேண்டாம். வேலை போனால் வீடும் போகும். ஆனாலும் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருந்தது. இங்கே? கட்டடத்தை நிர்வகிக்கும் ஏஜெண்டைக் கேட்டால் குழு முடிவு செய்யும் என்கிறார். குழுவைக் கேட்டால் பொதுக்கூட்டம். கட்டட ஆணையரிடம் புகார் கொடுக்க மாவட்ட மன்றத்துக்குப் போனால், கூட்டத்தில் எழுப்புங்கள் என்கிறார்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்று உங்களுக்கே தெரியும். அன்று ஆள் கணக்குப் பார்த்துக் கங்காணி தலைக்காசு வாங்கினார். இன்று வீட்டுக் கணக்குப் பார்த்து ஏஜெண்ட் வாங்குகிறார். கட்டடத்தில் பாக்கி விழாத ஒரே செலவு அதுதான்.

இப்போது பாக்கிக்காரர்களுக்கு வருவோம். சட்டத்துக்குப் பல் இல்லை என்று சொல்லாதீர்கள். வாய் நிறையப் பல். கட்டணம் கட்டாதவருக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை வட்டி போடலாம். நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யலாம். நோட்டீசுக்கும் மசியாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கடிக்கத்தான் ஆள் இல்லை. வழக்குப் போடலாமா என்றால், வக்கீலுக்குக் கொடுக்க பட்ஜெட்டில் பணமில்லை. ஏன் இல்லை? அவர்கள் கட்டவில்லையே!

பாக்கி வைத்தவன் வாக்களிக்க முடியாது என்பார்கள். வராதவனுக்கு வாக்கு எதற்கு? வாசல் கார்டை முடக்கலாம் என்பார்கள். அவன் கார்டு கோலாலம்பூரில் மேசை டிராயருக்குள் கிடக்கிறது. அம்மாவின் கார்டு ஒருநாளும் முடங்காது. மாதம் பிறந்ததும் கட்டிவிடுகிறார். கார்டைக் காட்டினால் கதவு திறக்கிறது. லிப்ட்தான் வருவதில்லை.

கட்டணம் பங்கு அலகுக் கணக்கில். அந்த அலகு வீட்டின் அளவைப் பார்க்கிறது, தூங்குகிற தலைகளைப் பார்ப்பதில்லை. ஆகவே இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும், நீண்ட விடுமுறையில் மூன்று வேன் வந்து இறங்கும் அதே அளவு வீட்டுக்கும் ஒரே தொகை. லிப்டைத் தேய்ப்பவர் ஒருவர், மாடிப்படி ஏறுபவர் இன்னொருவர். ஹோம்ஸ்டேக்களைத் தடுக்கவே முடியாதா? முடியும். மோண்ட் கியாராவின் வெர்வ் ஸ்வீட்ஸ் வழக்கில், குறுகிய கால வாடகையைக் குடியிருப்பு நிர்வாகம் தடை செய்வது செல்லும் என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்புறம் ஏன் இங்கே அதைத் தீர்மானமாகக் கொண்டுவருவதில்லை? பத்தரை மணிக்குத் தலைவராகிறவருக்கே இரண்டு ஹோம்ஸ்டே இருந்தால் அவர் என்ன செய்வார், பாவம்!

கடைசியில் ஒரு தண்டனை உண்டு. கட்டாதவர்களின் பெயரும் வீட்டு எண்ணும் பாக்கியும் போட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டலாம் என்கிறது விதி. ஒட்டுகிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் குடியிருப்பவனை அவமானப்படுத்த, தானா ராத்தா சுவரில் ஒட்டுகிறார்கள். அதைத் தினமும் நின்று படிப்பவர்கள் ஒழுங்காகக் கட்டியவர்கள் மட்டும்தான். லிப்ட் ஓடாததால் மூச்சு வாங்க நிற்பதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா?

பலகையில் ஒட்டியது போதும். இன்னொரு நகல் எடுத்து, வாசலில் ஹோம்ஸ்டே சாவி தொங்கும் பெட்டிக்கு மேல் ஒரு பலகை மாட்டி, அதில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அறைக்குக் காசு கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறப் போகிறவர்கள் முதலில் அதைப் படிக்கட்டும். படித்துவிட்டு, அறைக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.