சொலிட்டோ, எஞ்சினியேர்ட்டோ? ஸ்காபரோ–மார்க்கம் வட்டாரத் தமிழ் இல்லங்களின் மரத்தரை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

ரொறொன்ரோப் பெருநகரின் கிழக்கிலும் வடகிழக்கிலும் வீடு வாங்கும் தமிழர், பழைய காப்பெற்றைக் கிழித்து வாசலில் போட்ட அன்றிரவே ஒரு கேள்விக்கு முகங்கொடுக்க நேர்கிறது: ஹோலுக்கு முழுமரப் பலகையான சொலிட் ஹாட்வூட் அடிப்பதா, மரப்படைகளை ஒட்டிச் செய்த எஞ்சினியேர்ட் போடுவதா? திருமணப் பொருத்தத்துக்குப் பத்தும், வீட்டு வாசலுக்குத் திசை எட்டும் பார்க்கத் தெரிந்த சமூகத்திடம் தரைப் பலகைக்கென ஒரு சாத்திரம் இல்லை. பல்கலைக்கழகங்கள் பாராமுகமாக இருப்பதால் இவ்வாய்வாளர் அப்பொறுப்பைத் தாமே ஏற்கிறார். ஆய்வுக்குக் கிடைத்த நிதி: இல்லை. கிடைத்த தேநீர்: ஏராளம்.

வரலாற்றுப் பின்னணி

யாழ்ப்பாணத்து வீட்டில் மரத்தின் இடம் தலைக்கு மேலே. பனை வளையும் சலாகையும் ஓட்டைத் தாங்கின. கால் பட்டது சீமெந்தில், அதற்கு முந்திய தலைமுறையில் சாணி மெழுகிய மண்ணில். மரத்தைக் கீழே பரப்பி அதன்மேல் நடப்பது நாம் குளிர்நாட்டுக்கு வந்தபின் பழகிக்கொண்டது. ஆகவே மரத்தரை பற்றி நமக்குப் பரம்பரை அறிவு கிடையாது. பரம்பரை அபிப்பிராயம் தாராளமாக உண்டு.

பிறநாட்டுச் சான்றுகளுள் முதன்மையானது வெர்சாய் அரண்மனை. அங்கே பளிங்குத் தரையைக் கழுவிக் கழுவி, கசிந்த நீரில் கீழிருந்த மர உத்தரங்கள் உக்கத் தொடங்கின. 1684 இல் பளிங்கைக் கிளப்பிவிட்டு மரத்தரை போட்டார்கள். வாளியோடு ஹோலுக்குள் வரும் அம்மாமாருக்கு எதிரான மிகப் பழைய ஆவணமாக இதனை இவ்வாய்வு பதிவு செய்கிறது. பதினான்காம் லூயியின் வீட்டிலேயே செல்லாத வாளி, மார்க்கத்தில் எப்படிச் செல்லும்?

"ஒட்டின மரம் நிண்டு பிடிக்காது" என்பது மாமாமார் மரபின் அடிப்படைக் கோட்பாடு. ஆனால் எகிப்தின் சக்காராவில், மூன்றாம் அரசவம்சக் காலத்துச் சவப்பெட்டி ஒன்று ஆறு மெல்லிய மரப்படைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் செய்யப்பட்டிருந்தது. அது நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கிறது. உள்ளே இருந்தவரிடமிருந்து இன்றுவரை முறைப்பாடு இல்லை. இதே உத்தியைத் தரைக்குக் கொண்டுவந்தவர் சுவீடனின் நூப்ரூ ஊரைச் சேர்ந்த குஸ்டாஃப் கேர். பல படைப் பலகைக்கு அவர் 1941 இல் காப்புரிமை பெற்றார். அங்கேயும் வின்ரர் நீளம் என்பதைக் கவனிக்க.

தட்டல் சோதனை

களத்தில் இன்று வழக்கிலுள்ள ஆய்வுமுறை இது ஒன்றே. வீடு குடிபூரலுக்கு வரும் மூத்த ஆண் உறவினர் சப்பாத்தைக் கழற்றி, சாமியறையை எட்டிப் பார்த்து, பிறகு குந்தியிருந்து விரல் முட்டியால் தரையைத் தட்டுகிறார். கண் மூடியிருக்கும். சுற்றியிருப்போர் பேச்சை நிறுத்துவர்.

"தம்பி, இது அசலோ?"

"ஓம் மாமா, ஓக்."

"ஓக் எண்டது விளங்குது. அசலோ எண்டு கேட்டனான்."

இங்கே வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் பார்ப்பார். அங்கிருந்து மாமி, "அவருக்கு முதல்ல தேத்தண்ணியைக் குடுங்கோ" என்பார். ஆய்வு அத்துடன் இடைநிறுத்தப்படும்.

இம்முறையில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. தட்டும்போது கேட்கும் ஓசை, பலகையை எப்படி இறக்கியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். பலகை எதனால் ஆனது என்பதைச் சொல்லாது. அடியில் மெத்தை விரித்து, ஆணியும் பசையும் இல்லாமல் மிதக்கவிட்ட தரை பொள்ளென்று ஒலிக்கும். அதே எஞ்சினியேர்ட் பலகையைக் கொங்கிரீற்றில் பசை பூசி ஒட்டினால் மலைப்பாறை போல ஊமையாக இருக்கும். மாமா அதற்கு "அசல்" என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார். இனம் காண நம்பகமான வழி வேறு. ஹீற்றிங் காற்று வரும் தரைத் துவாரத்தின் மூடியைக் கிளப்பினால் பலகையின் வெட்டுமுகம் தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒரே ரேகை ஓடினால் சொலிட். கோடு கோடாகப் படைகள் தெரிந்தால் மற்றது. இவ்வுண்மையை மாமாமாரிடம் சொல்லலாமா என்பது ஆய்வு அறத்தைச் சேர்ந்த கேள்வி; இவ்வாய்வாளர் இதுவரை சொல்லவில்லை.

கடினம் பற்றிய சிறு குறிப்பு

1906 இல் கபிரியேல் யான்கா ஒரு சோதனை வகுத்தார். 11.28 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குண்டு பாதியளவு மரத்துக்குள் இறங்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே அளவு. சிவப்பு ஓக் 1290 இறாத்தல், வெள்ளை ஓக் 1360, மேப்பிள் 1450. கறுப்பு வால்நட் 1010 தான். விலையில் மட்டும் அது முன்னுக்கு நிற்கும். தேக்கு சிவப்பு ஓக்கைவிட மென்மையானது என்ற செய்தியை ஒரு குடிபூரலில் வெளியிட்டபோது அவையில் எழுந்த கொந்தளிப்பு காரணமாக இப்பகுதி இத்துடன் நிறுத்தப்படுகிறது. இரண்டு வகையிலும் மேலே இருப்பது அதே ஓக் தான் என்பதையும், திருவலை கைதவறி விழுந்தால் இரண்டிலும் குழி விழும் என்பதையும் மட்டும் சேர்த்துக்கொள்க.

நாணய முறை

ஆய்வின் இதயம் இங்கேதான். மரம் வெட்டப்பட்ட பின்னும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. நீளவாக்கில் அது அசைவதில்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில் விரியும், சுருங்கும். ஒன்ராறியோவின் கோடையில் வீட்டுக்குள் ஈரப்பதன் 50 விழுக்காட்டைத் தாண்டும். சனவரியில் வெளியே இருக்கும் குளிர்காற்றில் நீராவி மிகச் சொற்பம். அதை உள்ளே இழுத்துச் சூடாக்கும்போது, ஹியூமிடிஃபையர் இல்லாத வீட்டில் ஈரப்பதன் 25க்கும் கீழே போகிறது. பலகையின் உள்ளீரமும் கூடவே ஏறத்தாழ 9 விழுக்காட்டிலிருந்து 5க்கு இறங்குகிறது.

கணக்கு வருமாறு. சாதாரணமாக அறுத்த 5 அங்குல அகலச் சிவப்பு ஓக் பலகை, இந்த 4 விழுக்காட்டு இறக்கத்துக்கு ஏறக்குறைய 1.9 மில்லிமீற்றர் சுருங்கும். கனடாவின் 25 சத நாணயத்தின் தடிப்பு 1.58 மில்லிமீற்றர். அதாவது நத்தாருக்குப் பிறகு அந்த ஹோலில் குவாட்டர் தவறினால் பலகை இடைவெளிக்குள் போய்விட இடமுண்டு. 2¼ அங்குல ஒடுக்கப் பலகையில் சுருக்கம் 0.8 மில்லிமீற்றர் அளவே, 1.22 மில்லிமீற்றர் தடிப்புள்ள பத்துச் சதம்கூட இறங்காது. சொலிட் தரையின் ஈரநலத்தை இனிமேல் குவாட்டர், பத்துச் சதம் என்ற அலகுகளில் குறிக்கலாம் என இவ்வாய்வு முன்மொழிகிறது.

எஞ்சினியேர்ட்டில் படைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால் ஒன்று விரியப் பார்த்தால் அடுத்தது விடாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் இழுத்து, கடைசியில் ஒருவரும் அசையாமல் இருக்கும் நிலை நம் ஊர்ச் சங்க நிர்வாகக் குழுக்களில் நெடுங்காலமாக உண்டு; மரத்துக்கு அதைப் பயன்படுத்தத்தான் சுவீடன்காரர் தேவைப்பட்டார். ஏழு அங்குல அகலப் பலகை வேண்டும் என்று பிள்ளைகள் படம் காட்டி நிற்கும் வீடுகளில் இது பெரிய வசதி. மிகவும் வறண்டால் அதுவும் வெடிக்கும், மேற்படை கிளம்பும். முற்றிலும் வரம் பெற்ற பொருள் என்று கருதவேண்டாம்.

புதைபொருள் ஆய்வு

"சொலிட் எண்டால் எத்தினை தரமும் தேய்க்கலாம்" என்பது இரண்டாவது கோட்பாடு. சொலிட் பலகையின் தடிப்பு முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீற்றர். ஆனால் பலகைகளைக் கோக்கும் நாக்கும் காடியும் நடுவில் இருக்கின்றன. தேய்த்துத் தேய்த்து அங்கே போய்ச் சேர்ந்தால் தரையின் கதை முடிந்தது, ஆணித்தலைகள் எட்டிப் பார்க்கும். நாக்குக்கு மேலே பாவிக்கக் கிடைப்பது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். மிகுதி 13 மில்லிமீற்றரும் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ காணாத புதையல். அதற்கும் சேர்த்தே காசு கொடுத்திருக்கிறோம்.

எஞ்சினியேர்ட்டின் மேற்படை 0.6 மில்லிமீற்றரிலிருந்து 6 வரை வருகிறது. 6 என்றால் தேய்க்கும் கணக்கில் இரண்டும் சமம். 4 இருந்தால் இரண்டு மூன்று முறை தாராளம். ஒரு மில்லிமீற்றரும் இல்லாத சாமானை, அது மரமென்ற ஒரே காரணத்துக்காக அதே பெயரில் விற்பதைத்தான் வாங்குவோர் கவனிக்கவேண்டும். கடையில் மரத்தின் நிறத்தை அரைமணி நேரம் பார்ப்பவர்கள், மேற்படை எத்தனை மில்லிமீற்றர் என்று அரைநிமிடம் கேட்பதில்லை.

நிலத்தடி

பேஸ்மென்ற் பற்றி விவாதமே தேவையில்லை. நிலமட்டத்துக்குக் கீழே கொங்கிரீற்றிலிருந்து ஈரம் ஏறும்; அங்கே சொலிட் ஆகாது. கொண்டோவிலும் கீழே கொங்கிரீற், பலகையை அறைய ஒட்டுப்பலகை கிடையாது. சத்தம் தணிக்கும் விரிப்பு வேறு போடச் சொல்வார்கள். அங்கும் எஞ்சினியேர்ட்தான். தரைக்கடியில் சூடு ஓடும் வீடுகளுக்கும் அதுவே.

தீர்ப்பு

ஒட்டுப்பலகைத் தளமுள்ள மேல்மாடிக்கும் ஹோலுக்கும் சொலிட் விருப்பமென்றால் மூன்றேகால் அங்குலத்துக்கு மேல் அகலம் போகவேண்டாம். அகலம்தான் வேண்டுமென்றால் 4 மில்லிமீற்றர் மேற்படைக்குக் குறையாத எஞ்சினியேர்ட் வாங்குக. கொங்கிரீற் தளத்துக்கு யோசனையே வேண்டாம். எதை வாங்கினாலும் பலகையை முதலில் வீட்டுக்குள் வைத்து, ஈரத்தை மீற்றரால் அளந்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள். மிச்சம் பிடித்த காசில் ஒரு ஹியூமிடிஃபையர் பூட்டி, வீட்டு ஈரப்பதனை 30க்கும் 50க்கும் இடையில் வைத்திருங்கள். குடிபூரலன்று மாமாவை ஹீற்றிங் துவாரத்துக்குத் தூரமாக இருத்துங்கள்.