போட்டி வாழ்க!

போட்டி இருந்தால்தான் கட்டணம் குறையும், வேலை வேகமாக நடக்கும் என்பது பொருளாதாரப் பாடம். அதைச் சென்னைத் துறைமுகம் அளவுக்குச் சிரத்தையாகப் படித்தவர் யாருமில்லை. தனிக்காட்டு ராஜாவாக இருந்த அதற்கு, சற்று வடக்கே எண்ணூரில் 2001இல் ஒரு போட்டியாளர் முளைத்தார். சென்னைத் துறைமுகத்து நிலக்கரித் தூசியில் ராயபுரத்து மொட்டை மாடிகளில் காயும் துணியெல்லாம் கறுத்துக்கொண்டிருக்க, 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்டது. நிலக்கரி மூட்டை முடிச்சோடு எண்ணூருக்குக் கிளம்பிவிட்டது. சரக்கை இழந்தவர் ஒப்பாரி வைத்தாரா? இல்லை. 2020இல் போட்டியாளரையே வாங்கிவிட்டார்! மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே கையில் இருந்தது. மீதி மத்திய அரசிடமிருந்து வந்தது. இனி யார் ஜெயித்தாலும் மாலை ஒரே கழுத்துக்குத்தான்.

'இது போட்டியே இல்லையே' என்று சிலர் முணுமுணுக்கலாம். அபாண்டம். தோல்வி என்ற கொடுமையை ஒழித்த போட்டி அல்லவா இது! பக்கத்துக் காட்டுப்பள்ளியில் அதானி துறைமுகம் இருக்கிறதே என்றால், பொறுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியுமா? பேரமும் கடுமையாகத்தான் நடந்திருக்க வேண்டும்: விற்றது மத்திய அரசு, வாங்கியது மத்திய அரசின் துறைமுகம். தேர்வெழுதும் பிள்ளைகளே, பக்கத்து பெஞ்சுக்காரனோடு மல்லுக்கட்டாதீர்கள். அப்பாவிடம் பணம் வாங்கி, அவன் மதிப்பெண்ணை அப்பாவிடமே வாங்கிவிடுங்கள்.