சுறுசுறுப்பான நீதி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லூசர்ன் மாவட்டச் சிறுவர் நீதிமன்றம் ஒருகாலத்தில் வெகு சுறுசுறுப்பாக நடந்தது. வழக்கறிஞர் இல்லாமல் வரும் பிள்ளைகளுக்குச் சில நிமிடங்களிலேயே தீர்ப்பு. துணைத் தலைமையாசிரியரைக் கேலி செய்து இணையத்தில் பக்கம் போட்ட மாணவிக்கு மூன்று மாதக் காவல். கண்டிப்பு என்றால் இதுவல்லவா கண்டிப்பு என்று பள்ளிகள் மெச்சின. அந்தக் கண்டிப்புக்கு ஒரு விலைப்பட்டியல் இருந்தது 2009-இல் அம்பலமானது. பிள்ளைகளை அனுப்பிய தனியார் காப்பகங்களோடு தொடர்புடையவர்களிடமிருந்து மார்க் சியாவரெல்லா, மைக்கேல் கோனஹன் என்ற இரு நீதிபதிகளுக்குச் சுமார் 28 லட்சம் டாலர் போயிருந்தது. மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை ரத்து செய்தது.

இரண்டு பேர் கெட்டதற்கு அமைப்பையே குறை சொல்லலாமா என்பார்கள். அந்த அறையில் இரண்டே பேர் இருந்திருந்தால் சொல்லக்கூடாதுதான். அரசு வழக்கறிஞரும் நன்னடத்தை அலுவலரும் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பார்த்தார்களே! சிறுவர்க்கும் வழக்கறிஞர் உரிமை உண்டென்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. 'வேண்டாம்' என்று கையெழுத்து வாங்கினால் அந்த உரிமை காகிதத்தோடு போய்விடும். ஆகவே, எந்தச் சிறுவரையும் வசதியற்றவராகவே கருதி வழக்கறிஞர் தரவேண்டும் என்று 2012-இல் மாநிலம் சட்டம் செய்தது. செலவு கட்டுப்படியாகாது என்பவர்கள், பிள்ளைகளை அடைத்துவைக்கத் தனியாருக்குக் கொட்டிய பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்களோ!

பதினேழரை ஆண்டுத் தண்டனை பெற்ற கோனஹனுக்கு 2024 டிசம்பரில் அதிபர் பைடன் தண்டனையைக் குறைத்தார். வழக்கு நடந்தபோது அவருக்கு வழக்கறிஞர் இருந்தார்.