ஒட்டுக்கடை நிதியமைச்சர்கள்

ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியாகிய தஞ்சோங் பியாயைத் தன்னகத்தே கொண்ட பொந்தியான் மாவட்டத்தில், ஒட்டுக்கடை மேசையருகே அமர்ந்து தேசத்தைத் திருத்தும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டென்பது சர்வசம்மதமான விஷயம். 2015 ஏப்ரல் முதல் தேதி 6 சதவீதப் பொருள் சேவை வரி அவதரித்தபோது துணை நிதியமைச்சராயிருந்தவர் பொந்தியான் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அமாட் மஸ்லானே என்பதால், வரிச் சாஸ்திரத்தில் ஊராருக்கு ஒரு விசேஷ பாத்தியதையும் ஏற்பட்டுவிட்டது.

அவ்வரி 2018 ஜூனில் பூஜ்ஜியமாகி, செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி புனர்ஜன்மம் எடுத்ததைக் கண்டு வெகுண்ட பெரியவர் ஒருவர், மேலவையைக் கலைத்து, அமைச்சர்களைப் பாதியாக்கி, சகலருக்கும் ஒரே விகித வரி விதிக்கும் மகத்தான திட்டமொன்றைச் சபைமுன் வைத்தார்.

"அன்னாசிக்கும் வரியா, அண்ணே?" என்றார் தோட்டக்காரர். அன்னாசி விலக்கப்பட்டது. லாரிக்காரருக்காக டீசலும், கடைக்காரருக்காகத் தே தாரேக்கும், பெரியவரின் ஓய்வூதியமும் அவ்வாறே கிரமமாக விலக்குப் பெற்றன. அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேடி அரசாங்கங்கள் அல்லாடுகையில், இங்கோ தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: வரி முழுவதையும் அன்று கடைக்கு வராதவர்களே செலுத்த வேண்டும். புத்ராஜெயாவின் சம்பிரதாயமும் ஏறக்குறைய இதுதானே!