வெல்டிங் பட்டறையில் லாரி

எங்கள் மாநகராட்சிக்காரர்களுக்குச் சட்டம் தெரியாது என்று டீக்கடையில் பேசுகிறவர்களோடு நான் சேர்வதில்லை. சட்டத்தை இவர்களைப் போலப் போற்றுகிறவர்கள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காப்பதற்கென்று நாடாளுமன்றம் 2014-இல் ஒரு சட்டம் போட்டது. அதன் புத்தகத்தை மண்டல அலுவலகத்துக் கண்ணாடி பீரோவில் என் கண்ணால் பார்த்தேன். ஓர் ஓரம் மடங்கவில்லை, ஒரு விரல் ரேகை இல்லை, மேலே பாலிதீன் உறை வேறு. சந்தனப் பொட்டு வைக்காததுதான் குறை. கார்ப்பரேஷன் லாரிதான் பாவம். பின்கதவு முறிந்து, பக்கப் பலகை நெளிந்து, இந்த வருஷத்தில் இரண்டாவது தடவையாக வெல்டிங் பட்டறையில் நிற்கிறது.

வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை ஒருவரையும் கிளப்பக் கூடாது என்கிறது அந்தப் புத்தகம். அதற்குப் பிறகும் இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். 30 நாள் என்பது கொடுமை இல்லையா? ஒரு ஏழை ஒரு மாதம் முழுக்கத் தூக்கம் கெட்டுக் கிடக்க வேண்டும். எங்கள் அதிகாரிகள் இளகிய மனசுக்காரர்கள். அந்தக் கவலையை அரை நிமிஷத்துக்குள் சுருக்கிவிட்டார்கள். லாரி முனை திரும்பும் சத்தத்துக்கும் தள்ளுவண்டியில் கை விழுவதற்கும் இடையில் அவ்வளவுதான் நேரம்.

இதற்கு மேலும் ஒரு கருணை உண்டு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இட்லி போடும் அக்காவிடம் நான் பதினோரு வருஷமாகச் சாப்பிடுகிறேன். முதல் ஈடு ஐந்தரைக்கு இறங்கும். அதற்கு வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் லாரி ஆட்கள்தான். டிரைவர் தம்பி கை கழுவுகிற சாக்கில் குரலைத் தாழ்த்துவார்.

"அக்கா, நாளைக்கு வண்டி இந்தப் பக்கம். ஏழுக்குள்ள கட்டிருங்க."

"எந்த முனையில இருந்து தம்பி ஆரம்பிக்கிறாங்க?"

"போஸ்ட் ஆபீஸ் முனைக்கா."

"அப்ப எட்டு வரைக்கும் ஓட்டலாம்."

நாள், நேரம், திசை எல்லாம் சேர்த்து இத்தனை துல்லியமாக எந்த அரசாங்க நோட்டீஸ் வந்திருக்கிறது? படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

என்றாவது ஒரு நாள் தகவல் பிசகிவிடும். அப்படி ஒரு நாள் நான் இரண்டாவது இட்லியில் இருந்தேன். கொப்பரை ஆவி கக்கிக்கொண்டிருந்தது. தூக்க வந்த பையன் வெறுங்கையால் பிடித்து, சூடு தாங்காமல் விட்டான். "இருப்பா, கை வெந்துரும்" என்று அக்காவே கரித்துணியை எடுத்து நீட்டினார். அந்தத் துணியாலேயே பிடித்துக் கொப்பரையை லாரியில் ஏற்றினார்கள். துணியும் கூடவே போயிற்று. மாவுக் குண்டான் உள்ளே சாய்ந்துகொண்டது. முறிந்த பின்கதவின் இடுக்கு வழியாக மாவு ஒழுகி, சந்து முனையிலிருந்து மெயின் ரோடு சிக்னல் வரைக்கும் நேராக ஒரு வெள்ளைக் கோடு. அந்த ரோட்டுக்குக் கோடு போட மூன்று மாதமாகக் காண்ட்ராக்டர் கிடைக்காமல் இருந்தது. அன்றைக்கு மாநகராட்சிக்குப் பைசா செலவில்லாமல் வேலை முடிந்தது. காக்கைகள் வந்து அழிக்கும்வரை நன்றாகவே இருந்தது.

பறிமுதல் செய்தால் அந்த இடத்திலேயே பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். காகிதம் மரத்தை வெட்டித்தானே செய்கிறார்கள்? அதனால் பட்டியலை அக்காவின் மனசிலேயே எழுத வைத்துவிட்டார்கள். நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும், "கொப்பரை ஒண்ணு, தட்டு ஏழு, அடுப்பு ஒண்ணு, கரண்டி மூணு, கரித்துணி ஒண்ணு" என்று ஒப்பிப்பார். கட்டணத்தைக் கட்டிக் கேட்டால் கெட்டுப்போகும் பொருளை அன்றே கொடுக்க வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். பக்கத்துக் கடைப் பாட்டியின் மாங்காய் ஒரு கூடை அன்று சேர்ந்து போனது. கோடையில் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதாக எத்தனை புகார், எத்தனை சோதனை! மாநகராட்சிக் கிடங்கில் ஒரு கல் இல்லை, ஒரு மருந்து இல்லை. ஆறு நாளில் முற்றும் இயற்கை முறையில் பழுத்து, ஏழாம் நாள் வண்டு மொய்க்கப் பாட்டியின் கைக்கு வந்து சேர்ந்தது.

நடைபாதை நடப்பவர்களுக்கே என்பதில் இவர்களுக்கு உள்ள பிடிப்பைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். அக்காவின் வண்டி நின்ற ஆறடியை மீட்டு அன்று மாலையே நகைக்கடைக்கு வருகிறவர்களின் பைக்குகளிடம் ஒப்படைத்தார்கள். எண்ணினேன், பதினான்கு. அந்தக் கடையின் ஐந்து கருங்கல் படிகள் நடைபாதைமேல்தான் இறங்குகின்றன. அதற்கு அடுத்து ஜெனரேட்டர். இதில் பாரபட்சம் பார்க்கிறவன் புத்தி கெட்டவன். தள்ளுவண்டிக்குச் சக்கரம் இருக்கிறது, தள்ளினார்கள். படிக்கட்டுக்குச் சக்கரம் வைக்காதது கொத்தனாரின் பிழை.

வசூல் விஷயத்தில் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை. தரைக்கடை வாடகையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். குத்தகை ஆள் காலையில் வந்து சீட்டுக் கிழிப்பார். சீட்டில் 15 ரூபாய், கையில் வாங்குவது 40. மீதி 25 மரியாதை நிமித்தம். சீட்டில் மாநகராட்சி முத்திரை பளிச்சென்று இருக்கும். ஆக, காலை ஆறு மணிக்கு அக்கா வாடகைதாரர், ஒன்பது மணிக்கு ஆக்கிரமிப்பாளர். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு பட்டம்! சீட்டே இல்லாத வசூல் ஒன்றும் பைக்கில் வரும். வரிசை இல்லை, கம்ப்யூட்டர் கோளாறு இல்லை, "நாளைக்கு வாங்க" இல்லை, வாசலுக்கே வந்து வாங்கிப் போகிறார்கள். சொத்துவரிக்கு இந்த வசதியை எப்போது கொண்டுவருவார்களோ?

நடைபாதையில் விற்பதும் அரசியல் சட்டம் தந்த தொழில் உரிமைதான், அதை ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் சொல்லிவிட்டது. அந்த வழக்கு புதுடெல்லி நகராட்சியைப் பற்றியது. அங்கிருந்து நம் ஊருக்கு ரயிலிலேயே இரண்டு நாள். தீர்ப்பு நடந்து வருகிறது போலிருக்கிறது, அவசரப்படுத்த வேண்டாம்.

அதற்காகக் காகிதம் எதுவும் வராமல் இல்லை. அக்காவிடம் படம் ஒட்டிய வியாபாரி அட்டை இருக்கிறது, லேமினேஷன் செய்தது. மழையில் நனைந்தாலும் அட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதைக் காட்டி, கொரோனா நாட்களில் மத்திய அரசு ஆரம்பித்த திட்டத்தில் 10,000 ரூபாய் கடன் வாங்கினார். அந்தப் பணத்தில் பழைய வண்டிக்குப் புது டயரும் தகர மேற்கூரையும் போட்டார். வண்டி லாரியில் ஏறிய மாதமும் தவணை கட்டச் சொல்லி செல்போனில் செய்தி தவறாமல் வந்தது. டெல்லி அரசாங்கம் ஓட்டச் சொல்லிக் கொடுத்த வண்டியை உள்ளூர் அரசாங்கம் ஏற்றிக்கொண்டு போகிறது. கூட்டாட்சித் தத்துவத்தை இதைவிட எளிதாக எந்தப் பள்ளிக்கூடத்தில் விளக்குவார்கள்?

நகர விற்பனைக் குழு என்று ஒன்றும் இருக்கிறது. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் உட்கார வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்கள் குழு கூடியதற்கு நான் சாட்சி, ஏனென்றால் கூட்டத்துக்கு வடை போனது அக்கா கடையிலிருந்துதான். அறுபது வடை, பணம் இன்னும் பில் பாஸாகவில்லை. வடை தீர்ந்ததும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மறுவாரம் "இங்கு வியாபாரம் செய்யத் தடை" என்று ஒரு பலகை வந்தது. இரண்டு இரும்புக் கால், காரைத் திண்டு, நடைபாதையின் நட்ட நடுவில். கண் தெரியாத பெரியவர் ஒருவர் முட்டிக்கொண்டார். அவரால் பலகையைப் படிக்க முடியாது என்பதால் அது செல்லாது என்று ஆகிவிடாது.

மாற்று இடம் தரவில்லை என்றும் சொல்லக் கூடாது. சென்னைப் பாண்டி பஜாரில் 2013-இல் நடைபாதைக் கடைகளை மாடிக் கட்டடத்துக்கு ஏற்றினார்களே, அதுபோல எங்களுக்கும் ஒரு வளாகம் இருக்கிறது. மீன் மார்க்கெட்டுக்குப் பின்புறம், சாக்கடையைப் பார்த்த ஷட்டர்கள். கூட்ட நெரிசலே கிடையாது. ஆள் வந்தால்தானே நெரிசல்! ஐம்பது வருஷத்துக்கு மேல் நடக்கும் தெருச் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அக்காவின் அம்மா அங்கே ஆப்பம் சுடும்போது பஸ் ஸ்டாண்டே வரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஆப்பத்துக்கு ரசீது போடும் பழக்கம் இல்லாமல் போய்விட்டது.

லாரி பட்டறைக்குப் போய் இன்றோடு நாலு நாள். சந்தில் பாட்டி மறுபடியும் கூடையைப் பரப்பிவிட்டார். பூக்காரம்மா ஓர் எட்டு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். இன்று காலை முதல் ஈட்டிலிருந்து ஆறு இட்லியை எடுத்து, கெட்டிச் சட்னி தனியாகக் கட்டி, தூக்குவாளியில் சாம்பார் ஊற்றி அக்கா என்னிடம் நீட்டினார்.

"சார், போற வழியில அந்த வெல்டிங் பட்டறைத் தம்பிகிட்ட குடுத்துருங்க. காசு வேண்டாம்னு சொல்லுங்க. அவசரமே இல்லையாம், நிதானமா, கெட்டியாப் பத்தவைக்கச் சொல்லுங்க."