மட்டமான புல் தேவை

நியூஜெர்சியில் எங்கள் தெருவுக்கு மே மாதம் வந்ததும் புல்தரை ஓரங்களில் குட்டிக் கொடிகள் முளைத்துவிடும். மருந்து அடித்திருக்கிறது, குழந்தைகளும் நாய்களும் மிதிக்கக் கூடாது என்று அறிவிப்பு. நாய்கள் அதை நெருங்கி வந்து முகர்ந்து, அந்தக் கொடிக்கம்பியிலேயே காலைத் தூக்கிவிட்டுப் போகும்.

வெட்டிய புல்லை இடுப்புயரக் காகிதப் பைகளில் திணித்து, நகராட்சி வண்டிக்காகத் தெருவோரம் வைப்பார்கள். மன்னார்குடியிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. “இம்புட்டுத் தழைய குப்பைக்குப் போடுறானுவளே! நம்ம தக்காளிக்குப் போட்டா என்னடா?”

“இவங்க அடிக்கிற கலவையில பெரும்பாலும் 2,4-டி இருக்கும்பா” என்றேன்.

“டூ ஃபோர் டி-யா?” அப்பாவின் முகம் மாறியது. நெல் வயலில் களைக்கு அடித்த கை அது. நெல்லும் புல்லும் ஒரே சாதி, இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. அகன்ற இலைதான் சாகும். பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்தாலே பருத்தி இலை சுருங்கி விரல் விரலாகிவிடும். தக்காளி, அவரை, கத்திரி எல்லாம் அந்த மருந்தின் கண்ணுக்குக் களைதான். மருந்து அடித்த பிறகு முதல் மூன்று வெட்டுப் புல்லைச் செடிக்குப் போடாதே என்று சில டப்பாக்களிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படிப்பவர் யார்?

“குழியில போட்டு மக்க வச்சா?”

2,4-டி மக்கிவிடும். குளோபைராலிட் என்று இன்னொன்று உண்டு, அது லேசில் மக்காது. வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேனில், 2000 வாக்கில், மக்கிய உரத்தோடு சேர்ந்து வந்து தோட்டங்களில் தக்காளியை முறுக்கியது. வீட்டுப் புல்தரைக்கு அதை அடிப்பதை 2002-இல் நிறுத்தினார்கள். சந்தேகம் இருந்தால் அந்த உரத்தில் நாலு பீன்ஸ் விதை ஊன்றிப் பார்க்கலாம். இலை கிண்ணமாகக் குவிந்தால் உரம் கெட்டது.

ஆக, செடிக்கு அப்படியே போட, பச்சைக் கம்பளம் விரித்த வீட்டுப் புல் நமக்கு ஆகாது. மஞ்சள் டேண்டலியன் மண்டி, தெருவே முகம் சுளிக்கும் மூலைவீட்டுப் புல்தான் வேண்டும். அதை எப்படிப் போய்க் கேட்பது? “ஐயா, உங்கள் புல்தரை மகா மட்டமாக இருக்கிறது, கொஞ்சம் கொடுங்கள்” என்றா?

நான் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தபோதே அப்பா போய்விட்டார். “நோ மெடிசின்?” என்று கேட்டாராம். பாவம், அந்தக் கிழவர் பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரைதான் என்று சொல்லி, உள்ளே போய் டப்பாவையும் எடுத்துவந்து காட்டியிருக்கிறார்.